வெளிநாட்டு வங்கியில் கணக்கு: ‘எதற்கு?’ என்று கேட்பார்கள், பதில் கையில் இருக்கட்டும்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடை என்று பாலக்காட்டு எல்லையில் இருந்து வந்தவை அதிகம், ஆந்திரப் பக்கம் நகரியில் இருந்தும் ஒன்று. பாலக்காட்டில் ஒரு வங்கியின் என்ஆர்ஐ பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் ஊர் பெயர் மட்டும்.

மகனுக்கு துபாயில் குடோன் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறான். போவதற்கு முன்பே இங்கிருந்து அங்கே பேங்க் கணக்கு தொடங்க முடியுமா? அங்கே இருக்கும் எங்கள் சொந்தக்காரர், “அதெல்லாம் லேட்டாகும், சம்பளம் என் கணக்கில் வரட்டும், நான் எடுத்துக் கொடுக்கிறேன்” என்கிறார்.
வாசகி, கொழிஞ்சாம்பாறை

அம்மா, சொந்தக்காரர் சொல்வதை முதலில் விட்டுவிடுங்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், இருந்தாலும் வேண்டாம். அமீரகத்தில் 2009-ல் இருந்து சம்பளப் பாதுகாப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. வேலைக்காரரின் சம்பளம் அவர் பெயரில் உள்ள கணக்குக்கோ, அவர் பெயரில் உள்ள சம்பளக் கார்டுக்கோ வர வேண்டும், அது அரசாங்கத்தின் பதிவில் ஏறும். நாளைக்குக் கம்பெனி சம்பளம் பாக்கி வைத்தால் உங்கள் மகன் போய் நிற்பதற்கு அந்தப் பதிவுதான் ஆதாரம். சொந்தக்காரர் கணக்கில் வந்த பணத்துக்கு அப்படி ஒரு ஆதாரம் இருக்காது. அதுவும் போக, ஒருத்தர் கணக்கில் இன்னொருத்தர் பணம் மாதாமாதம் வந்து போனால் எந்த வங்கிக்கும் சந்தேகம் வரும், கணக்கை முடக்கிவிட்டு அப்புறம்தான் விசாரிப்பார்கள். கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் மற்றவனுக்குக் கொடுத்துவிட்டு மோசடி வழக்கில் மாட்டிய பையன்கள் நம் கேரளாவிலேயே இருக்கிறார்கள். மகனுக்கு இதைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லி அனுப்புங்கள். அவன் கணக்கில் அவன் பணம் மட்டும், யார் வந்து கேட்டாலும் சரி.

இங்கிருந்தே தொடங்க முடியுமா என்றால், அவனுக்குத் தேவைப்படும் மாதிரிக் கணக்கை முடியாது. அங்கே குடியிருப்பவர்களுக்கான கணக்குக்கு எமிரேட்ஸ் ஐடி வேண்டும். இறங்கியதும் மெடிக்கல், கைரேகை எல்லாம் முடித்து அந்தக் கார்டு வர வேண்டும். 2022-க்குப் பிறகு பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதும் நின்றுவிட்டது, அந்தக் கார்டுதான் குடியிருப்புக்குச் சான்று. அது வந்தால் பாஸ்போர்ட், கம்பெனியின் சம்பளச் சான்று, உள்ளூர் மொபைல் நம்பர், இவ்வளவுதான். பல வங்கிகளில் ஆப் வழியாகவே முடிந்துவிடும். குடியில்லாதவர்களுக்கும் அங்கே சேமிப்புக் கணக்கு உண்டு, ஆனால் குறைந்தபட்ச இருப்பு அதிகமாகக் கேட்பார்கள், செக் புக் தர மாட்டார்கள். வசதியான முதலீட்டாளர்களை மனதில் வைத்தது அது, சம்பளத்துக்குப் போகும் பையனுக்கு அதனால் பயனில்லை. கணக்கு வரும் வரை கம்பெனி சம்பளக் கார்டு கொடுக்கும், கவலைப்படாதீர்கள். முதல் சம்பளம் வரும் வரை கைச்செலவுக்கு மட்டும் கொஞ்சம் திர்ஹாம் இருக்கட்டும்.

கிளம்பும் முன் இங்கே ஒரு வேலை இருக்கிறது, பலரும் அதைத்தான் மறக்கிறார்கள். வேலைக்காக வெளிநாடு போனவரின் சாதாரண சேமிப்புக் கணக்கு அப்படியே ஓடக் கூடாது, அதை என்ஆர்ஓ ஆக மாற்ற வேண்டும். அதோடு என்ஆர்இ கணக்கு ஒன்று. அங்கே சம்பாதித்து அனுப்புவது என்ஆர்இ-யில் வரட்டும், அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, திரும்ப வெளியே கொண்டு போகவும் தடை இல்லை. வீட்டு வாடகை மாதிரி இங்கே வரும் பணம் என்ஆர்ஓ-வில். வீட்டுச் செலவுக்கு நீங்கள் எடுக்க வேண்டும் என்றால், உங்களை மேண்டேட் ஹோல்டராக, அதாவது அவன் கணக்கை இங்கே இயக்க அதிகாரம் பெற்றவராகப் போடச் சொல்லுங்கள். அவன் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் அலமாரியில் வைத்துவிட்டுப் போவதை விட அது எவ்வளவோ மேல்.

எனக்கு வெளிநாட்டில் வேலையும் இல்லை, சொந்தமும் இல்லை. கொஞ்சம் பணத்தை டாலரில் வைக்க ஆசை. இங்கே உட்கார்ந்தபடியே அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ கணக்கு தொடங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். சட்டப்படி இது சரியா?
வாசகர், வேலந்தாவளம்

சட்டப்படி சரிதான் ஐயா, அதில் சந்தேகமே வேண்டாம். ரிசர்வ் வங்கி 2004-ல் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது வருடத்துக்கு 25,000 டாலர் என்று இருந்தது, இப்போது ஒரு நிதியாண்டில் ஆளுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். அந்தப் பணத்துக்காக வெளிநாட்டு வங்கியில் கணக்கு வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. பான் கார்டு வேண்டும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் நிரப்ப வேண்டும்.

ஆனால் நம் சட்டம் ‘போகலாம்’ என்றால் அந்த ஊர் வங்கி ‘வா’ என்று சொல்லியாக வேண்டும் என்றில்லையே. இங்கேதான் நிறையப் பேர் மனம் நொந்து போகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் மதிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அந்த வங்கிக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: நீங்கள் யார், பணம் எங்கிருந்து வந்தது, எங்கள் நாட்டில் கணக்கு உங்களுக்கு எதற்கு. முதல் இரண்டுக்கும் நம்மிடம் காகிதம் இருக்கிறது. மூன்றாவதில்தான் தடுமாறுவோம். அங்கே வேலை, படிப்பு, வீடு, வியாபாரம் என்று ஏதாவது ஒரு தொடுப்பு இருந்தால் கதவு திறக்கும். “டாலரில் வைக்கலாம் என்று தோன்றியது” என்பது அவர்கள் கணக்கில் காரணமே ஆகாது.

அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாதவருக்குக் கணக்கு கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, வெளிநாட்டவரிடம் பாஸ்போர்ட் நம்பரை வாங்கிக்கொண்டு தொடங்க விதியில் இடம் இருக்கிறது. ஆனாலும் தொடங்குவதும் மறுப்பதும் அந்தந்த வங்கியின் விருப்பம். பெரும்பாலும் நேரில் வரச் சொல்வார்கள், உள்ளூர் முகவரி கேட்பார்கள். எஸ்தோனியாவில் 2014 முதல் வெளிநாட்டவருக்கு டிஜிட்டல் அடையாள அட்டை தருகிறார்கள், அதை வாங்கினால் வங்கிக் கணக்கும் தானாக வரும் என்று விற்கிறவர்களும் உண்டு. கார்டு வரும், கணக்குக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. உங்கள் ஏஜென்ட் விஷயமும் இதேதான், வங்கி எடுக்க வேண்டிய முடிவை அவர் எப்படி விற்க முடியும்? உங்கள் பாஸ்போர்ட் நகலும் ஆதார் நகலும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் போவது எனக்குப் பணம் போவதை விடப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

டாலரில் வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கம் என்றால் குஜராத்தில் கிஃப்ட் சிட்டி என்ற சர்வதேச நிதி மையம் இருக்கிறது. நம் வங்கிகளே அங்கே கிளை வைத்திருக்கின்றன. 2024 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதியைத் தளர்த்தியதில் இருந்து, நம் ஊரில் குடியிருப்பவர் அங்கே வெளிநாட்டு நாணயக் கணக்கு தொடங்க வழி அகலமாகிவிட்டது. உங்கள் வங்கிக் கிளையில் கேட்டுப் பாருங்கள்.

எங்கே தொடங்கினாலும் இந்த மூன்றை மறக்க வேண்டாம். நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியது. அனுப்பிய பணத்தை எதிலும் போடாமல் சும்மா வைத்திருந்தால் 180 நாளுக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும், இது 2022 ஆகஸ்டில் வந்த விதி. அப்புறம் வருமான வரி ரிட்டர்ன். வெளிநாட்டில் கணக்கு இருந்தால் ஐடிஆர்-1 போடக் கூடாது, வெளிநாட்டுச் சொத்து அட்டவணை உள்ள படிவத்தில் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும், அதில் நூறு டாலர் இருந்தாலும். காட்டாவிட்டால் 2015-ன் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் முதல் சலுகை கொடுத்திருக்கிறார்கள், அதற்காகக் காட்டாமல் விடலாம் என்று அர்த்தம் இல்லை. ‘அவர்களுக்கு எப்படித் தெரியும்’ என்று சிலர் கேட்கிறார்கள். சிங்கப்பூர், அமீரகம் உட்பட எத்தனையோ நாடுகள் நம்மவர் கணக்கு விவரத்தை வருடா வருடம் நம் வரித்துறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன, அமெரிக்காவோடு தனி ஒப்பந்தமே இருக்கிறது.

வெளிநாட்டு வங்கி ஆப்பில் முகவரிச் சான்றுக்கு கரண்ட் பில் போட்டேன், தள்ளிவிட்டார்கள். இரண்டு தடவையும் இதே கதை. என்ன செய்வது?
வாசகர், கோபாலபுரம் (பாலக்காடு)

தள்ளத்தான் செய்வார்கள் தம்பி. மீட்டர் பார்க்க வருகிறவர் வாசலில் நின்று மெஷினில் அடித்துக் கொடுக்கும் அந்த வழவழப்பான சீட்டை ஒரு முறை வெளியூர்க்காரர் கண்ணால் பாருங்கள். பாதி வீடுகளில் பில் இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், வீட்டுப் பெயரும் வார்டு நம்பரும் இருக்கும், தெருப் பெயர் என்று ஒன்று கிடையாது, வெயிலில் இரண்டு வாரம் கிடந்தால் எழுத்தே மங்கிவிடும். பில் வருவதோ இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அவர்கள் கேட்பது மூன்று மாதத்துக்குள் வந்த சான்று. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருப்பதால் அதுவும் உதவாது.

சுலபமான வழி, உங்கள் வங்கிக் கிளையில் ஆங்கிலத்தில் ஸ்டேட்மென்ட் எடுத்து முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். அதற்கு முன் வங்கியில் உள்ள முகவரி பாஸ்போர்ட்டில் உள்ளதைப் போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் கேஒய்சி புதுப்பித்து மாற்றிவிட்டு அப்புறம் எடுங்கள். ஆப்பில் தெரு கேட்கும் இடத்தில் வீட்டுப் பெயரும் வீட்டு எண்ணும், ஊர் கேட்கும் இடத்தில் தபால் ஆபீஸ் பெயர், கீழே பின்கோடு. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதினால் கம்ப்யூட்டரே தள்ளிவிடும், மனிதர் கண்ணுக்குப் போகவே போகாது.

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ‘பிளாக்டு அக்கவுண்ட்’ கேட்கிறார்கள். அதுவும் சாதாரண பேங்க் கணக்கும் ஒன்றா? அப்பா லோன் போடலாம் என்கிறார்.
வாசகி, சித்தூர் (பாலக்காடு)

வாழ்த்துகள் மா. இரண்டும் வேறு வேறு. பிளாக்டு அக்கவுண்ட் என்பது ஒரு வருடம் நீ அங்கே சாப்பிட்டு, தங்கிப் பிழைக்கப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டுவதற்காக. 2024 செப்டம்பரில் இருந்து வருடத்துக்கு 11,904 யூரோ. அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம்தான் கையில் வரும். அந்த நாட்டுக்குப் போகாமலேயே இங்கிருந்து ஆன்லைனில் தொடங்கும் கணக்கு இது. நீ ஏன் தொடங்குகிறாய் என்பதற்கு அட்மிஷன் கடிதமே பதில், அதனால்தான் இவ்வளவு சுலபம்.

பணம் அனுப்பும்போது ஒரு விஷயத்தில் ரொம்பக் கவனமாக இரு. இடையில் இருக்கும் வங்கிகள் கட்டணம் பிடித்துக்கொள்ளும், 11,904-ஐ அப்படியே அனுப்பினால் அங்கே போய்ச் சேரும்போது பத்து இருபது யூரோ குறையும், குறைந்தால் உறுதிக் கடிதம் வராது, விசா தேதி நெருங்கிக்கொண்டே இருக்கும். ஏ2 படிவம் கொடுக்கும்போதே எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவர் பொறுப்பு என்று போடச் சொல், வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் முறையில் அதற்கு ‘OUR’ என்று பெயர், கவுண்டரில் அப்படிச் சொன்னாலே புரியும். அதோடு கொஞ்சம் கூடுதலாகவும் அனுப்பு. கணக்கு நம்பரை, அதாவது ஐபானை, யாராவது வாசிக்க நீ டைப் செய்யாதே. காப்பி எடுத்து ஒட்டு.

லோன் பற்றி. படிப்புச் செலவை அங்கீகரிக்கப்பட்ட வங்கியின் கல்விக் கடனில் இருந்து அனுப்பினால் 2025 ஏப்ரலில் இருந்து டிசிஎஸ் கிடையாது. சொந்தப் பணம் என்றாலும் 10 லட்சத்தைத் தாண்டினால்தான், அதுவும் படிப்புக்கு விகிதம் குறைவு. அப்பாவிடம் சொல். உன் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்கிவிட்டாயா? இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரில் இருந்து அது கட்டாயம், நாளாகும், அதை முதலில் பார்.

அங்கே இறங்கி வீடு கிடைத்ததும் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், இரண்டு வாரத்துக்குள். அந்தச் சீட்டைக் கொண்டு போனால் சாதாரணக் கணக்கு தொடங்கலாம், மாதாமாதம் 992 யூரோ அதற்குத்தான் வரும். யாராவது மறுத்தால் பயப்படாதே. சட்டப்படி அங்கே குடியிருக்கும் யாருக்கும் அடிப்படைக் கணக்கு உரிமை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் விதி போட்டது, ஜெர்மனியில் 2016-ல் இருந்து அமலில் இருக்கிறது. ‘பாசிஸ்கொன்டோ’ (அடிப்படைக் கணக்கு) வேண்டும் என்று கேள்.

18 வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். அங்கே கணக்கில் கொஞ்சம் பணம் இருக்கிறது, அப்படியே கிடக்கட்டும் என்று விட்டு வந்தேன். இப்போது ஆப் திறக்க மாட்டேன் என்கிறது.
வாசகர், கொல்லங்கோடு

ஐயா, வெளிநாட்டில் இருந்த காலத்தில் சம்பாதித்ததை அங்கேயே வைத்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் 6(4) பிரிவு அதைத்தான் சொல்கிறது, யாரும் உங்களைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவரச் சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடத்தில். எமிரேட்ஸ் ஐடி காலாவதியானதும் வங்கி புதுசு கேட்கும், உங்களிடம் இருக்காது. ஓடிபி அந்த ஊர் நம்பருக்குப் போகும், அந்த சிம்மும் செத்திருக்கும்.

வங்கிக்கு உடனே மெயில் எழுதுங்கள். நான் நிரந்தரமாக இந்தியா திரும்பிவிட்டேன், குடியில்லாதவர் கணக்காக மாற்றித் தாருங்கள், அல்லது மீதியை அனுப்பிவிட்டுக் கணக்கை மூடுங்கள் என்று கேளுங்கள். புது பாஸ்போர்ட் என்றால் பழையதன் நகலும் சேர்த்து அனுப்புங்கள். கார்டு பாக்கி ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இது அங்கேயே இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை. அடுத்த மாதம் ஊர் திரும்பப் போகிற யாராவது இதைப் படித்தால், விசா கேன்சல் ஆகும் முன்பே கிளைக்குப் போய் முடித்துவிடுங்கள், தயவுசெய்து.

இங்கே உள்ள என்ஆர்இ கணக்கையும் சாதாரணக் கணக்காக மாற்றுங்கள், வெளிநாட்டு நாணயமாகவே வைக்க வேண்டும் என்றால் ஆர்எஃப்சி கணக்கு இருக்கிறது. வரி விஷயத்தில் உங்களைப் போல நீண்ட காலம் வெளியே இருந்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் ‘சாதாரணக் குடியிருப்பாளர் அல்லாதவர்’ என்ற நிலை கிடைக்கும், அது முடியும் வரை வெளிநாட்டுக் கணக்கைக் காட்டும் கட்டாயம் இல்லை. முடிந்த பிறகு ஷார்ஜா வட்டிக்கு இங்கே வரி உண்டு, அங்கே வரி இல்லாத நாடாக இருந்தாலும்.

மாங்காய் ஏற்றுமதி செய்கிறோம். துபாயில் ஒரு கணக்கு வைத்துப் பணத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா?
வாசகர், முதலமடை

2025 ஜனவரியில் இருந்து ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டில் கணக்கு வைத்து ஏற்றுமதிப் பணம் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, இறக்குமதிக்குப் பணம் கட்டவும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அங்கேயே சேர்த்து வைக்க முடியாது, கெடுவுக்குள் இந்தியா வந்தாக வேண்டும். மாங்காய் மட்டும் விற்று, வெளியே எதுவும் வாங்காத உங்களுக்கு அது வீண் அலைச்சல். இங்கேயே இஇஎஃப்சி என்ற வெளிநாட்டு நாணயக் கணக்கு தொடங்கி டாலராகவே வாங்குங்கள், அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக மாற்றினால் போதும், விலை பார்த்து மாற்றலாம்.

மகன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறான். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, பெயர் மட்டும் இருக்கிறது. ஸ்கூல் சர்டிபிகேட்டில் தெலுங்கு முறைப்படி இன்டி பேர் (குடும்பப் பெயர்) முன்னால் இருக்கிறது. பேங்க்கில் பிரச்சினை வருமா?
வாசகர், நகரி

வரும். சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் அவன் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அடித்துவிடுவார்கள், முதல் பெயர் தெரியாது என்று பொருள். அப்புறம் யுனிவர்சிட்டி, வங்கி, டெபிட் கார்டு எல்லாவற்றிலும் அதுவே அவன் பெயராக ஒட்டிக்கொள்ளும். நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த மூன்றெழுத்தோடு வருடக்கணக்கில் திண்டாடுகிறார்கள். அமீரகமும் 2022 நவம்பரில் இருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவுக்கு விடுவதில்லை, அப்பா பெயராவது பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

விசாவுக்குப் போடும் முன் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து பெயரைப் பிரித்துவிடுங்கள். இன்டி பேரை சர்நேமாகப் போடுவதா அப்பா பெயரைப் போடுவதா என்பது உங்கள் விருப்பம், சர்டிபிகேட்டோடு ஒத்துப்போனால் நல்லது. யுனிவர்சிட்டி தரும் ஐ-20 படிவமும் அதே பெயரில் வரட்டும். அங்கே போனதும் பாஸ்போர்ட், ஐ-20, தங்கும் இடத்தின் முகவரி மூன்றையும் எடுத்துக்கொண்டு வளாகத்துக்குப் பக்கத்தில் உள்ள கிளைக்கு நேரில் போகச் சொல்லுங்கள். மாணவர்களை அவர்களுக்குப் பழக்கம், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாமலேயே தொடங்கிக் கொடுப்பார்கள். டபிள்யூ-8 பென் என்ற படிவத்தை நீட்டினால் வரி விஷயத்தில் அவன் அமெரிக்கக் குடியிருப்பாளர் இல்லை என்பதற்கான கையெழுத்துதான் அது, தயங்காமல் போடலாம்.